மேட்டுப்பூவைப் பரப்பிய விலங்கு

பாடையை வேலிக்கு வெளியே இறக்கி வைத்திருந்தார்கள். வேலிக்கு உள்ளே போக எனக்கு அனுமதி உண்டாம், செத்தவருக்கு இல்லையாம். ஜீப்பிலிருந்து கால் வைத்து இறங்கியதும் காதில் விழுந்த முதல் செய்தி இதுதான். அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இதை நான் பொறுமையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் பூங்கோதை. செடிகளை வகைப்படுத்துவது தொழில். இது இன்ன குடும்பம், இன்ன பேரினம், இன்ன இனம் என்று சொல்கிற வேலை. முன்பெல்லாம் அதற்கு மனிதர்கள் தேவைப்பட்டார்கள். இப்போது 'வகை' இருக்கிறது. டிபன் டப்பா அளவுக்கு ஒரு கைப்பெட்டி. ஒரு சிட்டிகை மண்ணும் ஓர் இலைத்துணுக்கும் போட்டால் மரபணுவைப் படித்து, கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடும். சட்டத்தில் மட்டும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது: பெட்டி சொன்னதைத் தகுதியுள்ள ஒரு மனிதர் கட்டைவிரல் வைத்து உறுதிசெய்ய வேண்டும். அந்த விரலுக்குத்தான் எனக்குச் சம்பளம். விரலோடு சேர்ந்து நானும் வந்து நிற்பது துறையில் பலருக்குத் தொந்தரவு.

சட்டத்தின் பெயர் ஓரிட உயிர்ச் சட்டம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் ஓரிடத்தில் வாழ்ந்தால், அந்த நிலம் அந்த உயிருக்கே சொந்தம். பட்டாவே அதன் பெயரில்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வந்த நாளிலிருந்து பட்டா இல்லாதவர்கள் தலையில் மட்டுமே விழுந்துகொண்டிருக்கிறது. பட்டா வைத்திருப்பவர்களின் நிலத்தில் 'வகை' இதுவரை ஒரு புதுப் புல்லைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அங்கே யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அவ்வளவுதான்.

கோடமட்டம், நீலகிரியில் மூடிக்கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். கம்பெனி போய்விட்டது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமும் அதில் இருப்பவர்களும் அப்படியே இருக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர்களை வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை நட சிலோனுக்குக் கப்பலேற்றினார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று பிரித்து, திரும்பக் கப்பலேற்றின. அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள். இங்கே வந்து தலைமுறைகள் ஆகியும் சிலோன்காரர்கள்.

இறந்தவர் லோகநாதன், கொழுந்து லாரி ஓட்டியவர். தலைமாட்டில் அவர் மனைவி தங்கேஸ்வரி நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். தோட்டம் ஓடிய காலத்தில் சங்கத் தலைவி, குரல் இன்னும் அப்படியே இருந்தது. அந்த லயத்தில் பெண்களும் இடுகாட்டுக்கு வருவது வழக்கம்.

"இவங்கதான் விரல் வைக்கிற டாக்டரம்மாவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

"வச்சிட்டீங்கன்னா எங்க வீட்டுக்காரர எங்க கொண்டுபோறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் சௌமியநாராயணன் குறுக்கே வந்தார். மழைக்கோட்டு, கையில் பெட்டி, முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தப் புன்னகை. "எரிமேடைக்கு வண்டி ஏற்பாடு பண்றோம்னு காலையிலேர்ந்து சொல்றேன் மேடம். கேக்க மாட்டேங்கிறாங்க. உள்ள இனிமே மண்ணத் தோண்ட முடியாது. பூவோட நிலம்."

"எங்க ஆளுங்கள எரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல சார்" என்றார் தங்கேஸ்வரி. "அந்தா, மூணாவது மேடு. எம் பெரிய மக படுத்திருக்கா. மஞ்சக்காமாலையில போனா. அவ பக்கத்துல அப்பனுக்கு எடம் விட்டு வச்சிருக்கோம். நேத்து வரைக்கும் எங்க இடுகாடு. இன்னிக்கு ஒரு பூவோட வீடுன்னு சொன்னா என்னா நாயம்?"

"சட்டம்மா."

"யாரு போட்ட சட்டம்? அந்தப் பூவா வந்து ஓட்டுப் போட்டுச்சு?"

தப்பு மேளம் வைத்திருந்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். இயக்குநர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு பேசினார். "சீக்கிரம் முடிங்க மேடம். மத்தியானம் அமைச்சர் அறிவிக்கிறார். பூவுக்கு அவரோட அம்மா பேரு. எல்லாம் பேசியாச்சு."

ஒரு தாயை மகள் பக்கத்திலிருந்து துரத்திவிட்டு, இன்னொருவர் தாயின் பெயரை அங்கே நட்டுவைக்கப் போகிறார்கள். நேராக உள்ளே போனேன். நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

பூவைப் பார்த்தேன். அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தரையில் வளரும் ஆர்கிட். மரத்தில் தொற்றிக்கொண்டு வளர்வதில்லை, மண்ணுக்குள் இரண்டு சின்னக் கிழங்கு விட்டு நிற்கிறது. தரையோடு ஒட்டிப் படர்ந்த இரண்டே இலை. நடுவிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் பச்சை கலந்த வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் கீழுதடு மூன்று நூலாகப் பிரிந்து தொங்கியது. லயத்து ஆட்கள் அதை மேட்டுப்பூ என்கிறார்கள். பெட்டி அதற்கு நீளமாக ஓர் எண் கொடுத்து, 'புதிய இனம், வேறெங்கும் பதிவில்லை, இம்மண்ணுக்கே உரியது' என்று எழுதியிருந்தது.

எங்கள் தொழிலில் செடியைப் பிடுங்கியதும் முதலில் வேரை அலசுவோம். மண் ஒட்டியிருந்தால் அட்டையில் அழுத்தி ஒட்ட முடியாது. அலசி, துடைத்து, வெள்ளை அட்டையில் தனியாகப் படுக்கவைத்தால்தான் எங்களுக்குச் செடி கண்ணுக்குத் தெரியும். பெட்டியைச் செய்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். அதற்கும் அதே புத்தி. பூ எதன் மேல் நிற்கிறது என்று அது கேட்கவே இல்லை.

பூ மேடுகளின் மேல் மட்டும்தான் நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கம் அதே மண்ணில், அதே மழையில், யார் காலும் படாத புல்வெளி கிடந்தது. அங்கே தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. பழைய மேடுகளில் பூத்த செடிகள். புது மேடுகளில் நகம் அளவு குருத்துகள், அள்ளித் தெளித்த கணக்கில். ஆர்கிட் விதை தூசுதான், உள்ளே சாப்பாடு எதுவும் கிடையாது. மண்ணில் அதற்கென்று ஒரு பூஞ்சை இருந்து ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எப்படிப் போகிறது?

வேலி ஓரம் வந்து தங்கேஸ்வரியிடம் கேட்டேன். "அக்கா, புதைக்கும்போது மண்ணுல எதாவது கலப்பீங்களா? சாம்பல், எரு, அந்த மாதிரி?"

"எருவா? மனுசனப் பொதைக்கிறோம் டாக்டரம்மா, கெழங்கு நடல." பிறகு கொஞ்சம் யோசித்தார். "பழைய மேட்டு மண்ணு போடுவோம். முன்னாடி செத்தவங்க மேட்டுலேர்ந்து ஆளுக்கு ஒரு புடி எடுத்துப் புதுக் குழியில போடணும். தனியா படுக்கக் கூடாதுல்ல. தொணைக்கு."

"எல்லாருமேவா?"

"எல்லாரும்தான். வருசா வருசம் தையில வந்து புல்ல அறுத்து, கொளுத்திட்டுப் போவோம்."

"அப்போ முதல் மேட்டுக்கு எங்கேர்ந்து மண்ணு வந்துச்சு?"

"அது சிலோன் மண்ணு" என்றார், இது கூடத் தெரியாதா என்பதைப் போல. "கப்பலேறும்போது ஆளுக்கொரு தகரத்துல அள்ளிட்டு வந்தாங்க. அங்க எங்க ஆளுங்கள பொதச்ச எடத்து மண்ணு. இப்ப அந்தத் தோட்டமே அணைக்கட்டுத் தண்ணிக்குள்ள கெடக்கு."

அங்கேயே நின்று கைபேசியில் வெளிநாட்டு உலர்தாவரக் காப்பகங்களின் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினேன். கிடைத்தது. கண்டிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து இடுகாட்டில் யாரோ ஒரு துரை பிடுங்கி அனுப்பிய செடி. மூன்று நூலாகப் பிரிந்த அதே உதடு, அதே இரண்டு இலை. புழு அரிக்காமலிருக்கச் சாராயத்தில் முக்கி ஒட்டியதாகச் சீட்டில் எழுதியிருந்தான் மனுஷன். சாராயத்தில் மரபணு பாழாகிவிடும். பெட்டிக்கு மரபணுவைப் படிக்கத்தான் தெரியும், படத்தைப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் 'வேறெங்கும் பதிவில்லை' என்று அடித்துச் சொல்லியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆதாரம் கையில் கிடைத்த வகைப்பாட்டாளரால் அது முடியாது, எங்கள் சாபக்கேடு அது. நேராக இயக்குநரிடம் போய்ப் படத்தை மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாத்துக்குங்க சார். இந்தப் பூ இந்த மண்ணோடது இல்ல. சிலோன்லேர்ந்து வந்தது. இவங்கதான் தகரத்துல தூக்கிட்டு வந்தாங்க, இவங்கதான் ஒவ்வொரு குழியிலயும் போட்டு வளத்தாங்க. உங்க சட்டம் இங்க செல்லாது. வேலியப் பிடுங்குங்க!"

அவர் புன்னகை போய்விட்டது. ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, கையிலிருந்த பெட்டியை. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, இது கேட்டுக்கிட்டிருக்கு மேடம்."

பெட்டி பேசியது. "வகைப்பாட்டாளரின் கூற்று பதிவு செய்யப்பட்டது. இவ்வினம் வேறிடத்திலிருந்து வந்தது. பரப்பியது எது? காற்று, பறவை, விலங்கு, மனிதர். ஒன்றைத் தெரிவுசெய்யவும்."

"எதாவது ஒண்ணு சொன்னா என்ன ஆகும்?" என்று தங்கேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

இயக்குநர் முதல்முறையாக அவரிடம் ஒழுங்காகப் பேசினார். "காத்து, பறவை, விலங்கு கொண்டுவந்தா அது இயற்கையா வந்ததும்மா. இப்ப வேற எங்கயும் இல்லாததால பூ இந்த மண்ணுக்குச் சொந்தம்னு ஆயிடும். மனுசங்க கொண்டுவந்தா அது அந்நிய உயிர்."

"அந்நியம்னா?"

"அழிக்கணும். அந்நியச் செடிய மட்டும் இல்ல, அது வேர் விட்ட மண்ணையும். ஆறடி ஆழத்துக்குத் தோண்டி, சூளையில போட்டு எரிக்கணும்."

தங்கேஸ்வரி அந்த மூன்றாவது மேட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபத்தில் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மை இப்போது அவர் மகளின் எலும்பைத் தோண்டப் போகிறது.

"காத்துன்னு போடறேன்" என்றேன்.

"கடல் தாண்டிக் காத்துல பூஞ்சையும் சேந்து வந்துச்சுன்னு இது நம்பாது மேடம். நீங்களே தகரம்னு சொல்லிட்டீங்க. பறவையும் தகரம் தூக்காது." இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அமைச்சரின் அம்மா பெயர் வைத்த பூவைச் சூளையில் போட்டால் அவர் கதி என்ன என்பது அவர் முகத்திலேயே ஓடியது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதைச் சொன்னபோது குரலில் ஒரு கருணை வேறு. "விலங்குன்னு போட்டுடலாமே?"

"எந்த விலங்கு?"

"இவங்கதான். தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு பிரிவு, அவ்வளவுதான். 'பரப்பும் விலங்கு'ன்னு பதிஞ்சா பூவும் தப்பிச்சிடும், இவங்களும் தப்பிச்சிடுவாங்க. பரப்பும் விலங்குக்கு அந்த நிலத்துல வாழற உரிமை உண்டு. யாரும் வெளியேத்த முடியாது. புதைக்கிறது அதோட இயல்பான நடத்தைன்னு ஆயிடும், அதையும் தடுக்க முடியாது."

"உங்களுக்கு வெட்கமா இல்ல?" என்று கத்தினேன். "மனுசங்கள மிருகம்னு எழுதி, அதுக்குக் கீழ நான் விரல் வைக்கணுமா? என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்கீங்க? செத்தாலும் வைக்க மாட்டேன்!"

"டாக்டரம்மா" என்றார் தங்கேஸ்வரி.

"நீங்க சும்மா இருங்கக்கா, இவர நான்..."

"டாக்டரம்மா, கொஞ்சம் நிறுத்துங்க." அதட்டல் இல்லை, ஆனால் நான் நிறுத்திவிட்டேன். "உங்க கோவத்த நீங்க வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சுக்கலாம். எங்களுக்குக் கொண்டுபோக வீடு இல்ல. மனுசன்னு எழுதி வச்சிருந்தப்ப எங்க தாத்தா பட்டா கேட்டாரு. எங்கப்பா கேட்டாரு. நானும் சங்கத்துக் கொடியப் பிடிச்சுக்கிட்டுக் கலெக்டராபீசு வாசல்ல உக்காந்து கேட்டேன். ஒருத்தனும் குடுக்கல. மிருகம்னா ஒடனே கெடைக்கும்னா, போடுங்க. வெயில் ஏறுது. இவரு எவ்வளவு நேரம்தான் ரோட்டுல கெடப்பாரு?"

பாடைக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. "விலங்கு" என்று பெட்டியிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கேவலமான ஒரு சொல்.

"விலங்கின் இனப்பெயர்?" என்றது பெட்டி.

இயக்குநர் முந்திக்கொண்டார். "கோடமட்டம் லயக் கூட்டம்."

"ஏற்க இயலாது. தனி இனம் என்றால் வேறுபாட்டுக்கு மாதிரி தேவை."

இயக்குநர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பஞ்சுக்குச்சியை எடுத்துத் தங்கேஸ்வரியிடம் நீட்டினார். அவர் வாயில் வைத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பிட இன்னொரு மனித மாதிரி கேட்டது பெட்டி. நான் இன்னொரு குச்சியை எடுத்து இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் தயங்கினார், பிறகு வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். இரண்டையும் உள்ளே போட்டேன்.

"வேறுபாடு இல்லை" என்றது பெட்டி. "பிரிக்க இயலாது. இனப்பெயர்?"

"மனிதன்" என்றேன்.

"பரப்பும் விலங்கு: மனிதன். உறுதிசெய்ய விரல் வைக்கவும்."

வைத்தேன்.

"நாமளும் அதுல வர்றோமே மேடம்" என்று இயக்குநர் முணுமுணுத்தார்.

"வர்றோம். ஏன், உங்களுக்கு வேற எதாவது ஜாதி இருக்கா?"

பெட்டியோடு இணைத்திருந்த வேலியின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. தப்பு மறுபடி முழங்கியது. மகள் பக்கத்தில் குழி வெட்டினார்கள். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி மண்வெட்டி பிடித்தார்கள், ஒரு முறை தங்கேஸ்வரியும் இறங்கி வெட்டினார். லோகநாதனை இறக்கியதும் எல்லோரும் பழைய மேடுகளிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். தங்கேஸ்வரி மகளின் மேட்டிலிருந்து அள்ளிய மண்ணைப் போட்டுவிட்டு, "போயிட்டு வாங்க, புள்ள பக்கத்துல இருக்கா" என்றார். அப்போதுதான் அன்று முதல்முறையாக அழுதார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனிதர்கள் மிருகமாகி, வீட்டையும் இடுகாட்டையும் மீட்டுவிட்டார்கள், இந்த நாட்டில் இதுவே பெரிய காரியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் ஓர் இனத்தை உறுதிசெய்தால் அதைப் பேணும் திட்டத்தையும் பெட்டியே போட்டுவிடும். அது பாட்டுக்கு மேடுகளை அளந்து, குருத்துகளை எண்ணி, லயத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. மண்ணை மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தபோது திரையில் திட்டம் வந்து நின்றது. நான் பெட்டியை எடுத்துப் படித்தேன். மறுபடி படித்தேன்.

"என்னா போட்டிருக்கு?" என்றார் தங்கேஸ்வரி.

"ஒண்ணுமில்லம்மா" என்று இயக்குநர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். "வெறும் பரிந்துரை. ஆபீசுல போயிப் பாத்துக்கலாம்."

நான் கொடுக்கவில்லை. "சத்தமாப் படிங்க டாக்டரம்மா" என்றார் தங்கேஸ்வரி. படித்தேன்.

"'இப்பூ புதிதாக வெட்டி மூடிய புதைகுழியில் மட்டுமே முளைக்கிறது. அண்மைக் காலத்தில் பரப்பும் விலங்கின் இறப்பு குறைந்துள்ளது. இந்நிலை நீடித்தால் பூ அழியும். இனம் நிலைக்க ஆண்டுக்குக் குறைந்தது நான்கு இறப்புகள் தேவை. காட்டு விலங்குகளுக்கு மருத்துவம் செய்வதில்லை என்ற நெறிப்படி, நடமாடும் மருத்துவ வண்டியையும் கர்ப்பிணிகளுக்கான ஊசியையும் உடனே நிறுத்தலாம். உறுதிசெய்ய விரல் வைக்கவும்.'"

தப்பு நின்றுபோனது. கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் வேறொரு விரல் வரும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பயப்படாதீங்க" என்றார் இயக்குநர். "இதையெல்லாம் யாரும் அப்படியே செய்ய மாட்டாங்க. அமைச்சர்கிட்ட கேட்டுத்தான்..."

தங்கேஸ்வரி அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டார். "வருசத்துக்கு நாலு சாவா?"

"ஆமாக்கா."

"எங்க லயத்து ஆளுங்கதான் சாவணும்னு போட்டிருக்கா? இல்ல, எந்த மனுசனா இருந்தாலும் ஆகுமா?"

திரையை மறுபடி பார்த்தேன். விலங்கின் பெயர் மனிதன் என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை, கூட்டம் இல்லை, வேறு எந்த அடைமொழியும் இல்லை.

"யாரா இருந்தாலும் ஆகும்" என்றேன்.

தங்கேஸ்வரி குனிந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார். இயக்குநர் மழைக்கோட்டுப் பைகளில் ஜீப் சாவியைத் தேட ஆரம்பித்தார்.